முதல் பெஞ்ச் அண்ணா

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள் மாலை வகுப்பில் சேர்ந்து பி.இ. வாங்குவது கோயம்புத்தூரில் நெடுநாள் வழக்கம். அந்த வகுப்புகளில் இவரைப் பார்க்கலாம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர், பகலில் நூற்பாலை மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். டிபன் பாக்ஸை மறந்தாலும் மறப்பார், வெர்னியரை மறக்க மாட்டார். முதல் நாள் இவர் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது. நிஜ வாத்தியார் வந்ததும் இவர் எழுந்து நின்றார். அவர் இவரை ‘சார்’ என்றார், இவரும் அவரை ‘சார்’ என்றார். பாடம் தொடங்கக் கொஞ்சம் தாமதமாயிற்று.

இந்த வயதில் எதற்குப் படிப்பு? சின்ன வெங்காயத்துக்காக. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க ஆள் வரவில்லை என்று அம்மா புலம்பியபோது, “ஆளே வேண்டாம்மா, நான் மிசின் செஞ்சு தர்றேன்” என்று வாய்விட்டுவிட்டார். “கிலோ என்ன விலைங்க விக்குது? வாங்கித் தின்னா ஆகாதா?” என்பது வீட்டுக்காரம்மாவின் கட்சி. ஜெத்ரோ டல் என்ற இங்கிலாந்துக்காரர் சட்டம் படித்துவிட்டு 1701 வாக்கில் விதைப்புக் கருவி செய்த கதையை இவர் எடுத்து விட்டால், மாமனார் ஒன்றே ஒன்று கேட்பார்: “அவரு பொண்டாட்டி பிள்ளைக்கு யாருங்க மாப்ள சோறு போட்டாங்க?”

கணக்குதான் இவருக்கு எமன். இன்டெக்ரேஷனை வீட்டில் சொல்லித் தருவது பிளஸ் டூ படிக்கும் மகள். “கவனம் எங்கப்பா இருக்குது?” என்று அவள் அதட்டும்போது, பத்து வருஷப் பாக்கியை வட்டியோடு வசூலிப்பது குரலிலேயே தெரியும்.

ஜூலையில் கொடிசியாவில் வேளாண் கண்காட்சி. எல்லோரும் எந்திரங்களைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், இவர் அடியில் படுத்துக் கொழுவின் சாய்வைப் பார்ப்பார். வாங்க வந்த பெரிய விவசாயி என்று காபியோடு ஓடிவரும் ஸ்டால் பையன், “எத்தனை ஏக்கருங்க சார்?” என்பான். அடியிலிருந்து பதில் வரும்: “இருபது டிகிரி.”

இவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஷியர் போல்ட் வரும்வரை சிரிக்கலாம். டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அதில் பூட்டிய கருவியில் கல் சிக்கினால் முதலில் ஒடிவதற்கென்றே ஒரு நோஞ்சான் போல்ட்டை வைத்திருப்பார்கள். அது செத்தால் கியர்பாக்ஸ் பிழைக்கும். பையன்கள் அதன் விட்டத்தைச் சூத்திரம் போட்டுக் கண்டுபிடித்து ஐந்துக்கு ஐந்து வாங்கினார்கள். இவரோ, ஒடிந்த மறுநிமிஷம் டிரைவர் என்ன செய்வார் என்பதை நாலு பக்கம் எழுதினார். டூல் பாக்ஸைத் துழாவுவார். இருப்பதிலேயே கெட்டியான போல்ட்டாகப் பார்த்து இறுக்குவார். “இனி ஒடியவே ஒடியாதுங்க” என்று முதலாளியிடம் சொல்லி டீக்கும் காசு வாங்குவார். அடுத்த கல்லுக்குப் போல்ட் அசையாது, கியர்பாக்ஸ் தூளாகும். அத்தனையும் சத்தியம். மார்க் இரண்டு.

கடைசி வருஷ புராஜெக்ட்டாக வெங்காயம் தோண்டும் எந்திரத்தையே வரைந்துகொண்டு போனார். வைவாவுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் படத்தை உற்றுப் பார்த்தார்.

“ஒரு போல்ட்டுக்கு எதுக்குங்க பத்து ஸ்பேர்? அதுக்கொரு டப்பா, அதையும் ஃபிரேமோட வெல்டிங் வேற?”

“கைக்கெட்டுற தூரத்துல இல்லீன்னா, கிடைச்சதைப் போட்டுருவாங்க சார்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“நம்ம தோட்டத்து ரோட்டவேட்டருக்குப் போன வாரம் நானே கட்டடக் கம்பியை வெட்டிச் சொருகிட்டனுங்க. தாங்குமில்ல?”

“எத்தனை எம்.எம்.ங்க சார்?”

“பன்னெண்டு.”

இவர் பேனாவை எடுத்தார்.

“கம்பி தாங்குமுங்க சார். கியர்பாக்ஸ் விக்கிற கடை அட்ரஸ் எழுதித் தரட்டுங்களா?”