நாடி பிடிக்கிற கடியாரம்

ஏப்பா பேராண்டி, கையில என்ன அது, கடியாரமா வைத்தியரா? நாடி நூத்துப் பத்தாம், டென்ஷனா இருக்கியாம். அதச் சொல்லவா இம்புட்டுக் காசு? உள்ளங்கையத் தொட்டுப் பாரு, நசநசன்னு வேர்த்துக் கெடக்கு. அந்தச் சேதி ஓசி.

பேகம்பூர் தோல்ஷாப் பக்கம் ராத்திரி நாயி தொரத்துனா, வாட்ச்சப் பாத்துப்புட்டா ஓடுவே? மண்டைக்குள்ள, காதுக்கு நேரா உள்ளாற, அமிக்டலான்னு வாதாங்கொட்டை தண்டிக்கு ஒண்ணு கெடக்கு. நாயின்னு நீ நெனச்சு முடிக்க முந்தியே ஹைப்போதலாமஸுக்குத் தாக்கல் சொல்லிப்புடும். அங்கிட்டிருந்து தண்டுவடம் வழியா நரம்பு முடுக்கும். நெஞ்சு அடிக்கும், கண்ணுப்பாப்பா விரியும், எச்சி வத்தும். கிட்னிக்கு மேல குந்தியிருக்கிற சுரப்பி அட்ரினலினை ரத்தத்துல அவுத்துவிடும். தின்ன பிரியாணி செரிக்கிறதெல்லாம் அப்புறந்தேன். ஓடுறவனுக்கு வயித்துல என்ன சோலி?

எச்சி வத்துற சங்கதி நம்ம பாட்டன் பூட்டனுக்கே தெரியும். களவு போச்சுன்னா, சந்தேகப்பட்டவன் வாயில அரிசியப் போட்டு மெல்லச் சொல்லுவாக. நனையாம உதிரியாத் துப்புனா அவந்தேன் கள்ளன். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஊரே சுத்தி நின்னு மொறச்சா, களவாங்காதவனுக்கு மட்டும் எச்சி ஊறுமாக்கும்? அதே கூத்துக்கு இப்ப வயரு மாட்டி, உண்மை அறியும் கருவின்னு பேரு வச்சிருக்காக. அதுவும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் வேர்வையையுந்தேன் அளக்குது. 2010ல செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, சம்மதமில்லாம எவனுக்கும் அத மாட்டப்படாதுன்னு சொல்லிப்புடுச்சு. ஜட்ஜுமாரு விவரமானவுக.

நெஞ்சு அடிக்குதுன்னு ஒன் வாட்ச்சு சொல்லும். எதுக்கு அடிக்குதுன்னு சொல்லுமா? பொண்ணு பாக்கப் போற எடத்துல, பொண்ணு மேல ஆசையா, மாமனாரு மீசையப் பாத்துப் பயமா, ஒங்கம்மா பவுனுக் கணக்கு எடுத்துப்புடுவாளோன்னு கூச்சமா? மூணுக்கும் நெஞ்சு அடிக்கத்தேன் செய்யும். எதுன்னு ஒனக்குத்தானே தெரியணும்?

அடக்குறதுக்கும் உள்ளயே ஆளு இருக்கு. வேகஸுன்னு ஒரு நரம்பு, மூளைத்தண்டுல கெளம்பி வயிறு வரைக்கும் போகுது. மூச்ச நீட்டிப் பைய வெளிய விட்டா, அது நெஞ்சடிப்பைக் கொறைக்கும். இதச் சொல்லித்தரவும் ஒரு ஆப்பு இருக்காம், மாசாமாசம் சந்தாவாம்! ஏண்டா, மூச்சு விடவுமா சந்தா? அந்தக் காசக் கொண்டா இங்கிட்டு, ஆளுக்கொரு பிரியாணி திம்போம்.