அசையாதே, பாப்பா!

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே, பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் குடியிருக்கும் தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கேமரா அங்கிளைக் கைகாட்டுவார்கள். வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு கழுத்தில் கேமரா. கொலு, பிறந்தநாள், பரதநாட்டிய அரங்கேற்றம் என்று ஊரார் வீட்டு விசேஷங்களில் கை பழகியவர், சொந்த மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் பெரிய காரியத்தில் இறங்குகிறார். சீனியர் போர்ட்ரெய்ட்!

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளையைப் படம் எடுப்பது ஏறக்குறைய ஒரு சடங்கு. பள்ளி ஏற்பாடு செய்யும் ஸ்டூடியோவில் பெண்களுக்குத் தோளைச் சுற்றிக் கறுப்புத் துணி, பையன்களுக்கு டக்சீடோ. அது ஆண்டு மலருக்கு. அது போதாதென்று தனியாக ஒரு போட்டோகிராபரை வைத்து, பூங்காவிலும் பழைய செங்கல் சுவரோரத்திலும் இன்னொரு சுற்று. அதற்குச் சில நூறு டாலர் ஆகும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. "எதுக்கு தண்டம்? நானே எடுக்கிறேன்" என்று அந்தப் பணத்தை மிச்சம் பிடித்த அங்கிள், அதைப் போல இரண்டு பங்கு கொடுத்து ஃபுல்ஃப்ரேம் கேமராவும் 85 எம்எம் லென்ஸும் வாங்கினார்.

லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கும். காசு கொடுத்து வாங்கிய திறப்பை வீணாக்கக் கூடாதென்று எப்போதும் 1.8-லேயே வைத்திருப்பார். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் கேமராவில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டார், அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்காம். நடுவில் ஒற்றைப் புள்ளி, அதுவும் மகளின் மூக்கு நுனியில். ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று 1.8-ல் எடுத்தால் படத்தில் தெளிவாக விழுவது மொத்தம் சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம்தான். அதில் பாதி மூக்குக்கு முன்னால் வெறும் காற்றில் போய்விடும். மீதி கண்ணை எட்டாது. முதல் நாள் படங்கள் எல்லாவற்றிலும் மூக்கு பிரமாதம்.

"அசையாதே, பாப்பா!" என்பது அவருடைய தாரக மந்திரம். இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் பக்கத்தில் ஜார்ஜ் கெண்டல் வாரன் என்பவர் ஹார்வர்டு, யேல் மாணவர்களைப் படம் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுத்தார். ஆண்டு மலரின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். ஈரக் கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் பதியச் சில வினாடிகள் பிடித்த காலம். மாணவர்கள் விறைத்து உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது. அங்கிளின் கேமரா 1/500 வினாடியில் வேலையை முடித்துவிடுகிறது. மகள் மட்டும் இன்னும் வாரனுக்குத்தான் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு கிளிக்குக்கும் பின் தலையைக் குனிந்து திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பது அடுத்த பழக்கம். மகள் நன்றாகச் சிரிப்பதெல்லாம் அவர் குனிந்திருக்கும் அந்த நேரத்தில்தான். நிமிர்ந்ததும், "தாடையக் கொஞ்சம் முன்னால... இல்ல, கீழ... இல்ல, ஆமை தலைய நீட்டுற மாதிரி!" பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் யோசனை தப்பில்லை. தாடையை முன்னே நீட்டி லேசாகத் தாழ்த்தினால் கழுத்துச் சதை மறையும். சொல்கிற விதத்தில்தான் பிள்ளையின் முகம் சுருங்கிப்போகிறது.

இடத்தேர்வும் அவருடையதே. தண்டவாளத்தில் நிற்க வைக்க ஆசைப்பட்டார். "அப்பா, அது ட்ரெஸ்பாஸிங்" என்றாள் மகள். ரயில்வேயின் தனிச் சொத்து. ஓடிவரும் சரக்கு ரயில் நிற்க ஒரு மைலுக்கு மேல்கூட ஆகும். சரி, ஏப்ரலில் சாலையோரமெல்லாம் பூக்கும் புளூபானட் பூக்களுக்கு நடுவே உட்கார வைக்கலாமென்றால், பாம்பு இருக்கும் என்று மனைவி தடை போட்டார். (இருக்கும்தான்.) கடைசியில் பூங்கா. அதுவும் சாப்பாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவே கிடைத்த உச்சி வெயிலில். கண்கள் இரண்டும் குழிக்குள் இருண்டன. மரத்தடிக்கு மாற்றினார், இலை இடுக்கில் இறங்கிய வெயில் முகமெங்கும் வெள்ளைத் திட்டுகளாக விழுந்தது. பணத்தால் சரிசெய்யக்கூடியதையெல்லாம் அங்கிள் சரிசெய்துவிட்டார், சூரியன்தான் மிச்சம்.

வீடு திரும்பியதும், வாங்கி வைத்த ரிஃப்ளெக்டர் ஞாபகம் வந்து அதைத் தேட மாடிக்குப் போனார். "வெயில்ல ஏன்டி காயற, உள்ள வா" என்று அம்மா மகளைக் கராஜ் கதவுக்குச் சற்று உட்புறமாக நிறுத்தினார். மேலே கூரை நிழல். எதிரே வெயிலில் வெளுத்துக் கிடந்த காங்கிரீட் பாதை கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பியது. ரிஃப்ளெக்டர் செய்யும் வேலை, இலவசமாக. மகள் கேமராவை எடுத்துக் கண்-ஃபோகஸைச் சத்தமில்லாமல் போட்டு வைத்தாள்.

ரிஃப்ளெக்டர் கிடைக்கவில்லை. அங்கிள் இறங்கி வந்தபோது, அவர் ஆமைபோல் தலை நீட்டுவதை அம்மா நடித்துக் காட்ட, மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் பாதையிலேயே நின்று, மூன்றரை மீட்டர் தள்ளியிருந்து, "அசையாதே" சொல்லவும் மறந்து அழுத்தினார். அந்தத் தூரத்தில் தெளிவின் ஆழம் 18 சென்டிமீட்டர். மூக்கு, கண், காது எல்லாவற்றுக்கும் இடம். கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி.

மறுநாளே அங்கிள் கராஜ் வெளிச்சத்தைப் பற்றி நண்பர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். படத்தின் மூலையில் தன் பெயரையும், மகளின் தோளை மறைக்கிற அளவில், பொறித்துக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். பாட்டியிடமிருந்து உடனே வீடியோ கால்.

"ரொம்ப லட்சணமா இருக்காடா. பின்னாடி வெள்ளையா, அடுக்கடுக்கா, உசரமா ஏதோ தெரியறதே, உங்க ஊர்க் கோயில் கோபுரமா?"

காஸ்ட்கோவில் மொத்தமாக வாங்கி அடுக்கிய டாய்லெட் பேப்பர். எஃப்/1.8-ன் புண்ணியத்தில் அடையாளம் தெரியாமல் கரைந்திருந்தது.

"ஆமாம்மா" என்றார் அங்கிள்.