பால்வீதி வம்சத்தின் கறைபடிந்த வரலாறு

கண்டி இராசதானி போர்த்துக்கேயருக்கும் மசியவில்லை, ஒல்லாந்தருக்கும் மசியவில்லை. கடைசியில் 1815இல் பிரதானிகள் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டு ஆங்கிலேயரிடம் தூக்கிக் கொடுத்தார்கள். பேராதனைப் பக்கம் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது மனப்பாடம். ஆனால் மகாவலிக்கும் ஹந்தானை மலைக்கும் மேலே, இரவு முழுக்க இதைவிடப் பெரிய கொள்ளைக்கார வம்சம் ஒன்று கொலுவீற்றிருக்கிறது. பெயர் பால்வீதி, நாம் குடியிருக்கும் விண்மீன் திரள். அங்கே கையெழுத்துக் கேட்கும் மரியாதைகூடக் கிடையாது. அப்படியே விழுங்கிவிடுவதுதான்.

ஆதியில், அதாவது சுமார் 1380 கோடி வருடங்களுக்கு முன், எல்லாம் சமத்துவமாகத்தான் தொடங்கியது. எங்கும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம். ஏற்றத்தாழ்வு என்று பார்த்தால் லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அற்ப வித்தியாசம் போதுமாயிருந்தது. ஒரு துளி கூடுதலாக இருந்த இடம் பக்கத்து இடத்துச் சரக்கையும் இழுத்துக்கொண்டது. சரக்குக் கூடக்கூட இழுவையும் கூடியது. உள்ளவனுக்கே மேலும் சேரும் என்ற நியாயத்தை மனிதன் கண்டுபிடித்ததாக இனி யாரும் பெருமைப்பட வேண்டாம்.

இதில் கூலி வேலை முழுதும் கரும்பொருளுடையது. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு அதுதான். ஒளிராது, கண்ணில் படாது. அது முதலில் குவிந்து இடம்பிடித்து வைத்தது. வாயு சாவகாசமாக வந்து விழுந்து, குளிர்ந்து, சுருங்கி, சுழற்சி கூடித் தட்டாகப் பரந்து, நட்சத்திரங்களைப் பெற்று, புகழையும் தானே எடுத்துக்கொண்டது. உழைப்பு ஒருவருடையது, புகழ் இன்னொருவருக்கு: மலையகத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1933இல் வானியலாளர் சுவிக்கி இந்தக் கரும்பொருளைப் பற்றிச் சொன்னபோது வானியல் சபை காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970களில் வானியலாளர் வேரா ரூபின், விண்மீன் திரள்களின் விளிம்பு நட்சத்திரங்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் ஓடுவதை அளந்து அளந்து காட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பால்வீதி மீதான குற்றப்பத்திரிகை 2018இல் வந்தது. கையா விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இருப்பிடத்தையும் ஓட்டத்தையும் அளந்து கொடுக்க, வானியலாளர் அமினா ஹெல்மியின் குழு அதைத் துருவியது. சூரியனின் அக்கம்பக்கத்திலேயே ஊரோடு ஒத்துப்போகாத கூட்டம் ஒன்று அகப்பட்டது. மற்றவர்கள் ஒழுங்காக வட்டமடிக்க, இவர்கள் மையத்தை நோக்கிப் பாய்வதும் திரும்ப வெளியே ஓடுவதுமாக இருந்தார்கள், சிலர் எதிர்த்திசையில். உடம்பிலுள்ள இரசாயனமும் வேறு. சுமார் ஆயிரம் கோடி வருடங்களுக்கு முன் விழுங்கப்பட்ட ஒரு திரளின் மிச்சம் அது. ஹெல்மி குழு அதற்குக் கையா-என்செலாடஸ் என்று ஓர் அரக்கன் பெயரைச் சூட்டியது. இன்னொரு குழு, வேகங்களை வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, சாசேஜ் என்றது. செத்தவனுக்குச் சாப்பாட்டுப் பெயர்! தனுசுக் குள்ளத் திரள் என்பதோ 1994இல் கண்டுபிடிக்கப்பட்டபோதே பாதி பால்வீதியின் வாயில் இருந்தது.

சபைக்கு அடுத்த சங்கடம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால். ஆரம்பகாலத் திரள்கள் அலங்கோலமாக இருக்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2025இல் புனேயிலுள்ள ஆய்வாளர்கள், பிரபஞ்சத்துக்கு வெறும் 150 கோடி வயதானபோது இருந்த ஒரு திரளைக் காட்டினார்கள். இரண்டு சுருள் கரங்களோடு, மடிப்புக் கலையாமல் நின்றது. அலக்நந்தா என்று பெயரிட்டார்கள்.

இனி பக்கத்துப் பெரிய திரளான ஆண்ட்ரோமீடா. சுமார் 400 கோடி வருடத்தில் நம்மோடு மோதப்போவது நிச்சயம் என்று 2012இல் அறிவித்தார்கள். 2025இல் வேறொரு கணக்கு வந்தது: அடுத்த ஆயிரம் கோடி வருடத்துக்குள் மோதலாம், மோதாமலும் போகலாம், பாதிக்குப் பாதி. இதைச் சொல்ல எங்கள் ஊர்ச் சாத்திரியாரே போதும், கட்டணமும் குறைவு. ஆனால் காரணம் சுவையானது. பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு திரள் பக்கத்திலிருந்து இழுப்பதால் பால்வீதி அந்த மோதல் பாதையிலிருந்து சற்று விலகுகிறதாம். பால்வீதியின் அடுத்த பெரிய சாப்பாடு அந்த மேகமேதான். சுமார் 240 கோடி வருடத்தில் விழுங்கப்படும் என்று ஒரு கணிப்பு.

பேராதனையிலிருந்து அந்த மேகத்தைப் பார்க்கலாம். தை மாதம், மழை விட்ட இரவு எட்டரை ஒன்பது மணிக்கு, மலை மறைக்காத, தெருவிளக்கு இல்லாத இடமாகத் தேடித் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். மங்கலான ஒரு வெள்ளைத் தீற்றல் தெரியும். முகில் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.