29சி பேருந்தில் அகத்திணை: ஒரு முன்னோட்ட ஆய்வு

தொல்காப்பியர் மாநகரப் பேருந்தில் ஏறியவர் அல்லர். ஆயினும் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சியில், ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றக் கிளம்பும் கணவன் மனைவியைக் கவனித்தால், அவர் வகுத்த இருத்தல், பிரிதல், ஊடல், இரங்கல், புணர்தல் ஐந்தும் ஒரு டிக்கெட் காசில் முடிந்துவிடுவது தெரியவரும். ஒரு டிக்கெட் என்பது உயர்வு நவிற்சி அன்று. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தலைவி இலவசம், தலைவன்தான் காசு.

முல்லைத் திணை இதனாலேயே நீள்கிறது. டீலக்ஸ் பஸ் ஒன்று பாதி காலியாக வந்து நிற்கும். அதில் இருவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். “ஏறிடலாமா?” என்பாள் தலைவி. “பின்னாடியே ஃப்ரீ பிங்க் பஸ் வரும்” என்பான் தலைவன். வராது. ஆற்றியிருத்தல் முல்லையின் உரிப்பொருள் என்று இலக்கணம் சொல்வதன் முழுப்பொருள் மே மாத நிழற்குடையில்தான் விளங்கும்.

ஆய்வுக்கு மிகவும் தீனி போடுவது பாலை. பேருந்து வந்ததும் அவள் முன்படியில் ஏறுவாள், அவன் பின்படியில். இடப்பக்க இருக்கைகள் மகளிருக்கு. பொருள்வயிற் பிரிந்த சங்கத் தலைவனுக்காவது சுரத்திடையே நடக்க இடமிருந்தது. இவனுக்கு ஒரு கால் வைக்கத்தான் இடம். முன்பெல்லாம் நடத்துநர் வாயிலாக நின்று இருவரையும் இணைத்தார். “ரெண்டு பெசன்ட் நகர். ஒண்ணு முன்னாடி, பச்சைப் புடவை” என்று தலைவன் கூவ, நடத்துநர் எட்டிப் பார்க்க, பச்சைப் புடவை திரும்பித் தலையாட்டும். இப்போது அவள் தன் இலவச டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொள்வதால் அந்தத் தலையாட்டல் வழக்கொழிந்தது. போக்குவரத்துத் துறைக் கணக்கில் இந்த இழப்பு ஏறாது.

எஞ்சியிருப்பது விளி ஒன்றே. இறங்கும் இடம் நெருங்கியதும் தலைவி “ஏங்க!” என்று குரல் கொடுப்பாள். பேருந்திலுள்ள பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உரியவர் மட்டும் ஜன்னல் வழியே லஸ் முனையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடத் தொடங்கிய மெட்ரோவில் இந்தச் சிக்கல் இல்லை. மகளிர் பகுதி போக மற்ற இடங்களில் இருவரும் அருகருகே உட்காரலாம், குளிரும் உண்டு. ஆனால் பிரிவு இல்லாத இடத்தில் இலக்கியம் எப்படி வளரும்? ஆகவே மெட்ரோ இவ்வாய்விலிருந்து விலக்கப்பட்டது.

மருதத்துக்கு வயல் வேண்டும் என்பது பழைய கொள்கை. பூட்டிய கதவு போதும் என்பது களப்பணியில் கண்டது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அதே செவ்வாயில் வண்டலூர் வாசலில் போய் நிற்கும் தம்பதியர் உண்டு. “கிளம்பும்போதே கேட்டேன்ல?” என்பதில் தொடங்கும் ஊடல் தாம்பரம் தாண்டியும் தணிவதில்லை.

நெய்தலுக்குப் பெசன்ட் நகரில் தனிச் சான்றே நிற்கிறது. பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி 1930 டிசம்பரில் மூழ்கி இறந்த டென்மார்க்குக்காரர் கார்ல் ஷ்மிட்டுக்கு எழுப்பிய வெள்ளை நினைவு வளைவு அது. இரங்கல் என்ற உரிப்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் கிடைக்காது. தம்பதியரோ அதன் முன் படம் எடுத்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜிக்கு நகர்கிறார்கள். டீலக்ஸை விட்டு மிச்சம்பிடித்த தொகை முதல் தட்டிலேயே கரைகிறது.

குறிஞ்சிக்கு மலை வேண்டும். நகருக்குள் சுமார் 300 அடி உயரத்தில் பரங்கிமலை இருக்கிறது, ஆனால் 29சி அந்தப் பக்கம் போவதில்லை. எனவே புணர்தலைத் திரும்பும் வண்டியில்தான் தேட வேண்டியிருக்கிறது. பெசன்ட் நகர் முனையத்தில் பேருந்து காலியாக நிற்கும். “இங்கயே உக்காருங்க” என்று தலைவி இடப்பக்கம் இடம் தருவாள். அடையாறு வரை இருவரும் சேர்ந்தே பயணம். அங்கே இரண்டு பைகளுடன் ஏறும் அம்மாள் தலைவனை மேலும் கீழும் பார்த்து, “லேடீஸ் சீட்டுப்பா” என்பார். அவன் எழுந்து பின்னால் போவான். இதைப் பிரிதலில் சேர்ப்பதா, இரங்கலில் சேர்ப்பதா என்பதில் உரையாசிரியர் துணை கிடைக்கவில்லை.