பேஸ் கேம்ப், லாடபுரம்

மலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளப் பெரம்பலூர்க்காரர்களுக்கு இருப்பது பச்சைமலை ஒன்றுதான். அதிலும் பங்கு கேட்டுத் திருச்சியும் சேலமும் நிற்கின்றன. அரியலூருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அங்கே அண்ணாந்து பார்க்க ஆசைப்பட்டால் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியைத்தான் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு ஜில்லாக்களில் தெருவுக்கு ஒரு மலையேறி எப்படி முளைத்தார் என்பது எனக்கு நெடுநாள் புதிர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது முப்பதை ஒட்டி இருக்கும். வேலை பெங்களூரில், சனி ஞாயிறு ஊரில். கணுக்காலுக்கு மேலே ஏறும் பூட்ஸைக் கோயிலுக்குப் போகும்போதும் கழற்ற மனம் வராது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். பையன் கயிற்றை அவிழ்த்து முடிப்பதற்குள் செவ்வாய் பிறந்துவிடுமோ என்று அம்மாவுக்குக் கவலை.

பூட்ஸுக்கு அடுத்தபடியாகப் பை. அதை மாட்டிக்கொண்டு அவர் டீக்கடைக்கு வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என்னா தம்பி, மூட்டை பெருசா இருக்கு?"

"அறுபது லிட்டர்ணே."

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அறுபது லிட்டரா? எந்தச் சொசைட்டிக்கு ஊத்துற?"

"பால் இல்லைண்ணே. பை அவ்வளவு கொள்ளும்."

"அப்ப இன்னும் ஊத்தலையா?"

பைக்குள் இருப்பவை: தலையில் மாட்டும் டார்ச், மடக்குக் குச்சி இரண்டு, தண்ணீரில் போடும் மாத்திரை, உள்ளங்கையில் அடங்கும் துண்டு, மைனஸ் பத்து டிகிரியைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக். கடைசிச் சாமானை ஒருநாள் மொட்டைமாடியில் சோதித்துப் பார்த்தார். பெரம்பலூர் வெக்கையில் நடுராத்திரி எழுந்து, ஜிப்பைத் திறக்கத் தெரியாமல் உருண்டு, மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டார். பட்டியலில் 'எனர்ஜி பார்' என்று எழுதியிருப்பது கடலை மிட்டாய். எல்லாவற்றுக்கும் அடியில், பட்டியலில் இல்லாமல், அம்மா வைத்த புளிச்சோறு.

இவர் வெறும் மலைக்கு மசிகிறவர் இல்லை. மலைமேல் இடிபாடு இருக்க வேண்டும், அது புராதனமாக இருக்க வேண்டும், போய்ச் சேருவதற்குள் நாக்குத் தள்ள வேண்டும். மூன்றுக்கும் அவர் முழு மார்க் போட்ட ஒரே இடம் பெரு நாட்டின் மச்சு பிச்சு. உயரம் 2,430 மீட்டர். இன்கா பாதையில் நாலு நாள் நடை. நடுவில் 4,200 மீட்டருக்கு ஏறி இறங்கும் கணவாய். சுமை தூக்குகிறவர்களையும் சேர்த்து நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதை வெளியுலகுக்குக் காட்டிய ஹிராம் பிங்காம் 1911-இல் அங்கே ஏறியபோது மேலே விவசாயக் குடும்பங்கள் ஏற்கனவே குடியிருந்தன, அந்த வீட்டுப் பையன்தான் அவருக்கு இடிபாட்டைச் சுற்றிக் காட்டினான் என்று சொன்னால் மட்டும் முகம் சுருங்கும்.

பெருவுக்கு இன்னும் போகவில்லை. அதற்கென்று சேர்த்த பணம் அப்பாவின் சோளக்காட்டில் போர்வெல்லாக இறங்கியது. மேலே போக வேண்டிய காசு கீழே போயிற்று. தண்ணீரும் வரவில்லை.

ஜெயங்கொண்டத்து மாமாவுக்கு இந்தப் பெரு விவகாரம் பிடிபடவில்லை. "இடிஞ்சதுதான் பாக்கணும்னா நம்ம மாளிகைமேட்டுக்கு வாயேன் மாப்ள" என்றார். மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாளிகைமேடு இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தை ராஜேந்திர சோழன் தலைநகராக்கியது 1025-ஐ ஒட்டி. இன்காக்கள் மச்சு பிச்சுவைக் கட்டியது அதற்கு நானூறு வருஷம் கழித்து. சோழர் அரண்மனையில் மிச்சம் செங்கல் அடித்தளம்தான். பெரிய கோயிலின் மதிற்கல்லையும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்ட வெள்ளைக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இதைவிடத் திருத்தமாக ஓர் ஊர் இடிய முடியாது.

நம்மவர் போய்ப் பார்த்தார். அரண்மனை பள்ளத்தில் கிடந்தது. ஏறிப் பார்க்க வழியில்லை, குனிந்துதான் பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். அது காட்டிய எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. "டவுன் பஸ் வந்து நிக்கிற இடமெல்லாம் ரூயின்ஸ் ஆகாது மாமா" என்று தீர்ப்பு வந்தது. சாத்தனூர் கல்மரத்துக்கும் இதே கதிதான். 18 மீட்டர் மரம், கல்லாகிப் பல கோடி வருஷம் ஆயிற்று. ஆனால் படுத்துக்கிடக்கிறதே!

அவர் மனமிரங்கி ஒப்புக்கொண்ட உள்ளூர்ச் சரக்கு ரஞ்சன்குடிக் கோட்டை ஒன்றுதான். ஆற்காட்டு நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகிர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அகழி, அரைவட்டக் கொத்தளம், ஒன்றுக்குள் ஒன்றாக மதில். 1751 வாலிகண்டபுரம் சண்டையில் ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபக்கம் முகமது அலியும் இங்கிலீஷ்காரரும் இந்தப் பக்கத்தில்தான் மோதிக்கொண்டார்கள். குறை ஒன்றே: கோட்டை திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது, வேகமாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் உச்சி வந்துவிடும். அதை அரைநாள் ஆக்குவதில்தான் அவர் திறமை. நெடுஞ்சாலை டீக்கடை பேஸ் கேம்ப். வாசலடி முதல் முகாம். நடு மதில் இரண்டாம் முகாம். புதிதாகச் சேர்ந்த நாலு பையன்களை வரிசையில் நிறுத்தி, "யாருக்காவது தலை சுத்தினா மறைக்காம சொல்லிடணும்" என்று அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஏழெட்டு வெள்ளாடுகள் பேஸ் கேம்ப்பிலிருந்து கிளம்பி, உச்சியைத் தொட்டு, எதையோ மென்றுகொண்டு திரும்பிவிட்டன.

உச்சியில் போட்டோ எடுப்பது தனிக் கலை. கீழே போகும் லாரி விழக்கூடாது, தண்ணித்தொட்டி விழக்கூடாது. எடுப்பவன் மல்லாந்து படுத்து எடுக்க வேண்டும். வானமும் கொத்தளமும் இவருடைய தாடையும் மட்டும் தெரியும் அந்தப் படத்தை ஆண்டிஸ் மலை என்றே சொல்லலாம், பெங்களூர் ஆபீஸில் சிலர் நம்பியும் இருக்கிறார்கள். கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். கோட்டைக்குள் அடுத்தவன் வீசிவிட்டுப் போன பாட்டிலையும் பான் பாக்கெட்டையும் பொறுக்கி அந்த அறுபது லிட்டரில் போட்டுக்கொண்டு இறங்குகிற ஆளும் இவர்தான். என் பார்வையில் அந்தப் பை நிரம்புவது அப்போதுதான்.

காரை கிராமத்துப் பக்கம் ஒருநாள் நானும் கூடப் போனேன். செம்மண்ணும் வெளிறிய களிமண்ணுமாக, மழை அரித்து மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும் பொட்டல். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல். குனிந்து பார்த்தால் அம்மோனைட் சுருள், கிளிஞ்சல். இவர் உட்கார்ந்து கயிறு கட்டிய கல்லிலும் ஒரு கிளிஞ்சல் பதிந்திருந்தது. இமயமலை தலைதூக்க ஆரம்பித்தே ஐந்து கோடி வருஷம்தான் ஆகிறது, நீங்கள் உட்கார்ந்திருப்பது அதற்கும் மூத்தது என்றேன். "இருக்கட்டும் சார், ஹைட் இல்லையே" என்றார்.

அப்போதுதான் ஸ்டோலிச்காவைப் பற்றிச் சொன்னேன். மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1862-இல் கல்கத்தாவுக்கு வந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். நம் அரியலூர், ஊட்டத்தூர் வட்டாரத்துக் கிளிஞ்சல்களையும் நத்தைகளையும் ஒன்றுவிடாமல் விவரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதியவர். அந்த வேலை முடிந்த கையோடு யார்க்கண்ட் பயணக் குழுவோடு போய், 1874 ஜூனில் காரகோரம் கணவாயைத் தாண்டித் திரும்பும்போது லடாக்கின் முர்கோவில் இறந்துபோனார். 36 வயது. உயரம் ஒத்துக்கொள்ளாத மலைநோய் என்கிறார்கள். கல்லறை லேயில் இருக்கிறது. நம்ம ஊர்க் கிளிஞ்சலோடு இருந்தவரைக்கும் அந்த மனுஷருக்கு ஒரு குறையும் இல்லை.

நம்மவர் முகம் மாறியது. நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். "டயமாக்ஸ் போட்டிருக்கணும் சார்" என்றார்.

அந்த மாத்திரை அவர் பையில் எப்போதும் உண்டு. 2,500 மீட்டருக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. பச்சைமலை ஆயிரத்தைச் சுற்றித்தான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. 2024-இல் தமிழக வனத்துறை அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளில் பெரம்பலூரும் அரியலூரும் இல்லாமல் போனதை ஜில்லாவுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, 41-ஆவது பாதையை அவரே வகுத்தார். முதல் நாள் லாடபுரத்தில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்குவது. மறுநாள் மயிலூற்றுப் பக்கமாக ஏற்றம். பழக்கியதில் ஒன்றும் பலன் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பாதி ஏற்றத்தில் குச்சிகள் இரண்டையும் ஊன்றி நின்றுவிட்டார். பின்னால் வந்த மலைவாசிப் பாட்டி ஒருத்தி, தலையில் அரிசி மூட்டை, காலில் ரப்பர் செருப்பு, ஒதுங்கி வழி கேட்டாள்.

"ரெண்டு காலும் முடியலையா சாமி?"

"இல்ல பாட்டி, ட்ரெக்கிங்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன் மேல போற? கீழ எறங்கு. முடியலன்னா மேல வந்து துறையூர் பஸ்ஸு புடி."

மேலே பஸ் வரும் செய்தி அவர் கொள்கைக்குப் பெரிய அடி. இருந்தாலும் முழங்கால் கொள்கைக்குக் கட்டுப்படுகிற நிலையில் இல்லை. சாயங்கால பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் பையை மேலும் கீழும் பார்த்து, அதற்கும் தனியாக ஒரு டிக்கெட் கிழித்தார்.

"அண்ணே, இது லக்கேஜ் இல்ல. பேக்பேக்."

"கீழ வச்சா லக்கேஜ், மடியில வச்சா பேக்பேக். எது வேணும்?"

துறையூர் வரைக்கும் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தார்.