பதினோராம் நம்பர் மணி

ஸ்டுட்கார்ட் பக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாமா,

போன வாரம் போனில், "என்னடா, ஜெர்மனி போயும் ஓட்டை லேப்டாப்போட மல்லுக்கட்டிட்டு இருக்கியாமே" என்று கேட்டீர்கள். தங்கச்சி போட்டுக்கொடுத்திருக்கிறாள். விஷயம் உண்மைதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்கள் பட்டறைக் கம்ப்ரஸரை ஓடவிட்டுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முதலில் ஊர் நிலவரம். இங்கே எதற்கும் 'டெர்மின்' வேண்டும், அதாவது அப்பாயின்ட்மென்ட். முடி வெட்ட டெர்மின், பல் பிடுங்க டெர்மின். எதிர்வீட்டுக்காரர் ஆசையாகக் காபிக்குக் கூப்பிட்டார்: அடுத்த மாதம் 14-ஆம் தேதி, மூன்றரை மணிக்கு. நம்ம ஓசூரில் காபிக்குக் கூப்பிட்டால் ஆறுவதற்குள் போகவில்லையென்று கோபித்துக்கொள்வார்கள். மாடிப்படி பெருக்குவதற்கும் முறை உண்டு. ஒரு அட்டை வீடு வீடாகச் சுற்றும்; எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் அந்த வீட்டார் பெருக்க வேண்டும். முதல்முறை என் கதவில் தொங்கியபோது, புதுசாகக் குடிவந்தவனுக்கு ஏதோ வாழ்த்து அட்டை என்று நினைத்து, தூசி தட்டி நேராக மாட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். படி அப்படியே கிடந்தது. கீழ்வீட்டுப் பாட்டி இன்றுவரை என்னைப் பார்த்தால் படியைப் பார்க்கிறார்.

இப்படிப்பட்ட ஊரில் கேட்காமல் கொள்ளாமல் குறுக்கே வந்த ஒரே ஆசாமி அந்த லேப்டாப்தான்.

எங்கள் பட்டறையில் பழைய மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்குப் புரோகிராம் ஊட்டுவது ஒரு கிழட்டு லேப்டாப், பின்னால் ஒன்பது முள் சீரியல் போர்ட்டோடு. 9600 வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 960 எழுத்து போகும். 'ஓடுற எதையும் மாத்தாதே' என்கிற உங்கள் கொள்கைதான் இவர்களுக்கும். ஒருநாள் X120 என்று போக வேண்டியது X20 என்று போய்ச் சேர்ந்தது. ஒரு '1' வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நல்லவேளை, டூலை மேலே தூக்கிவைத்து வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபோர்மேன் பெரியவர் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தியன் என்றால் கம்ப்யூட்டர்க்காரன் என்பது இங்கே முடிவான விஷயம். லேத்துக்காரன் என்று நினைக்கிற ஒரு ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை.

சரி, ஏன் உதிர்ந்தது? உங்கள் பட்டறை காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் ஒரு பட்டன், ஆபீஸில் ஒன்று, ஷட்டர் பக்கம் ஒன்று. மூன்றுக்கும் ஒரே ஒயர், ஒரே மணி. அடித்தால் நீங்கள் லேத்தை நிறுத்திவிட்டு, "யாரது?" என்று தமிழிலும், "யாரு?" என்று கன்னடத்திலும், "எவரு?" என்று தெலுங்கிலும் கத்துவீர்கள். லேப்டாப்புக்குள்ளும் இதே கதைதான். பிராசஸர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கீபோர்டு, மவுஸ், டிஸ்க் எல்லாம் ஆளுக்கொரு மணி அடித்துக் கூப்பிடும். இதற்குப் பெயர் இன்டரப்ட்.

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது மணி ஒயர் மொத்தம் எட்டு. போதவில்லை என்று 1984-இல் இன்னொரு எட்டு ஒயர் சிப்பைக் கொண்டுவந்து, பழைய சிப்பின் இரண்டாம் நம்பரில் செருகினார்கள். ஒரு ஒயர் இணைப்புக்கே போக, மிச்சம் பதினைந்து. 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு, 4 முதல் சீரியல் போர்ட்டுக்கு. 8 கடிகாரத்துக்கு, வினாடிக்கு 32,768 தடவை துடிக்கிற குவார்ட்ஸ் அது. நம்ம ஓசூர் சிப்காட்டில் செய்கிற டைட்டன் வாட்சுக்குள் துடிப்பதும் அதே கணக்குதான். செருகியது இரண்டாம் நம்பரில் என்பதால் ஒரு வேடிக்கை உண்டு: 4-உம் 11-உம் ஒரே நேரத்தில் அடித்தால் 11-க்குத்தான் முதல் மரியாதை. கல்யாணப் பந்தியில் வாசலில் வரிசையாக நிற்பவனை விட்டுவிட்டு, சமையல்கட்டு வழியாக வந்தவன் முதல் இலையில் உட்காருவான் பாருங்கள், அதுபோல.

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மவுஸைத் தொட்டதும் மோடம் செத்துப்போகுமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மோடத்துக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டீர்கள். கடைசியில் எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த பையன் ஒரு ஜம்பரை மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனான். மவுஸ் முதல் சீரியல் போர்ட்டில், மோடம் மூன்றாவதில். இரண்டுக்கும் மணி 4-ஆம் நம்பர். அவ்வளவுதான் பேய்.

அந்தக் காலத்து மணி ஒருதரம் தட்டிவிட்டு ஓடுகிற கூரியர் பையன் மாதிரி. இரண்டு பேர் ஒன்றாகத் தட்டினால் ஒருத்தன் தட்டியது காணாமல் போகும். அப்புறம் வந்த பி.சி.ஐ. என்கிற இணைப்புமுறை நம் அத்தை மாதிரி: கதவைத் திறக்கும்வரை பட்டனிலிருந்து விரலை எடுக்க மாட்டாள். அதனால் ஒரே ஒயரைப் பலர் பங்குபோடலாம். நீங்கள் ஒவ்வொரு கதவாகப் பார்த்து அனுப்பிவிட்டால் மணி அடங்கும். நீங்கள் பார்க்காத ஒரு கதவில் யாராவது அமுக்கிக்கொண்டே நின்றால்தான் கேடு.

இந்த லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். எந்த மணி எத்தனை தடவை அடித்தது என்று அதில் கணக்குப் பார்க்கலாம். 11-க்கு நேரே பார்த்தால் யு.எஸ்.பி., சவுண்டு, நெட்வொர்க், கார்டு ஸ்லாட் எல்லாம் ஒரே வரியில். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய ஜூஜூவாடி செக்போஸ்ட்தான்: ரோஜாப்பூ வேன், மாம்பழக் கூழ் டிரம் லாரி, கேபின் இல்லாத சேஸிஸில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கும் டிரைவர், எல்லாம் ஒரே வரிசை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை ஆட்டோ மீட்டர் கணக்காக ஏறியது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது: 'ஐ.ஆர்.க்யூ 11: நோபடி கேர்டு'. ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லையாம். ஒரு லட்சம் தடவை அடித்து அதில் 99,900-க்கு மேல் யாருமே "எனக்குத்தான்" என்று வராவிட்டால், லினக்ஸ் இப்படிப் புலம்பிவிட்டு அந்த ஒயரையே பிடுங்கிவிடும். அந்த வரிசையில் நின்ற எல்லோரும் கூண்டோடு செத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி, ஓவர்டைமில் தனியாக உட்கார்ந்து அந்த வரியைப் படித்தேன் மாமா. வயிற்றைக் கொஞ்சம் பிசைந்தது. மத்தியானம் சாப்பிடாததாகவும் இருக்கலாம்.

'இர்க்போல்' என்று ஒரு வைத்தியம் உண்டு: மணி அடித்தால் எல்லாக் கதவையும் போய்ப் பார் என்று சொல்வது. போட்டேன். லேப்டாப் மூச்சு வாங்கியது. பிறகு உங்கள் வழிக்கே வந்தேன். வீட்டில் ட்ரிப் ஆனால் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்ப்பீர்களே, அப்படி பயாஸில் ஒவ்வொன்றாக அணைத்தேன். இன்ஃப்ராரெட், இல்லை. சவுண்டு, இல்லை. மூன்றாவது, உள்ளே இருந்த டெலிபோன் மோடம். அதை அணைத்ததும் 11 அடங்கியது. டிரைவரும் இல்லாமல், லைனும் இல்லாமல், வருஷக்கணக்கில் உள்ளே சும்மா கிடந்தது, திடீரென்று பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தச் சந்தடியில், 'நிறுத்து, கூடை நிரம்பப்போகிறது' என்று மில்லிங் மெஷின் அனுப்பிய சேதி நாலாம் நம்பரில் நின்ற சீரியல் போர்ட்டோடு காத்துக் கிடந்திருக்கிறது. லேப்டாப் நிறுத்தாமல் கொட்ட, மெஷினின் கூடை நிரம்பி வழிந்ததில்தான் நம் '1' கீழே விழுந்திருக்கிறது.

பெரிய புரோகிராமை நான்கு தடவை அனுப்பி, திருப்பி வாங்கி, ஒத்துப்பார்த்தேன். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றார். இந்தப் பக்கத்தில் அது பொன்னாடைக்குச் சமம். அப்புறம் டைரியைப் பிரித்து, அலமாரியில் கிடக்கும் இன்னொரு லேப்டாப்புக்கு 22-ஆம் தேதி காலை ஒன்பதுக்கு எனக்கு டெர்மின் போட்டார்.

ஒரு உதவி. நம் பரணில் ஒன்பது முள் சீரியல் கேபிள் ஒன்று இருந்தது, பத்து மீட்டர், சாம்பல் கலர். இங்கே உள்ளது நைந்துவிட்டது. புதுசு வாங்கித் தருவார்கள்தான், ஆனால் அதற்கும் டெர்மின். அடுத்த மாதம் வருகிற நண்பனிடம் கொடுத்தனுப்புங்கள். அத்தை அதைக் கொடியாகக் கட்டியிருந்தால், துணி காய்ந்த பிறகு அவிழ்த்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்