கம்பியில் குத்திய குடும்ப மானம்

பழைய கடிதங்களுக்குப் பூச்சியால் வரும் ஆபத்து கொஞ்சம்தான். பெரிய ஆபத்து சொந்தக்காரர்கள். ராமபாணப் பூச்சி தாளைத் தின்னும். யார் யாருக்கு எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்க்காது. சொந்தக்காரர்கள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அப்புறம்தான் கிழிப்பார்கள்.

எங்கள் தாத்தா கம்பிக்காரர். அடியில் ஒரு மரவட்டு, மேலே கொக்கியாக வளைத்த முனை, நடுவே முழ நீளக் கம்பி. எந்தக் கடுதாசி வந்தாலும் படித்து முடித்ததும் அதன் வயிற்றில் ஒரு குத்து. கல்யாணப் பத்திரிகை, கருப்பு முனை போட்ட சாவுச் செய்தி, மணியார்டர் கூப்பன், வரி ரசீது எல்லாம் வந்த வரிசையிலேயே உத்திரத்தில் தொங்கின. வரிசையைக் குலைக்காதே, அதுவும் ஒரு தகவல் என்று ஆவணக் காப்பகங்களில் பாடம் நடத்துகிறார்கள். தாத்தாவுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவ வேண்டுமானால் மேலே உள்ளதை எல்லாம் கழற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு உழைப்பாளி யாரும் இல்லை.

பக்கத்து டவுனில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஊர் வரலாற்றுக்கென்று பழைய தாள்களைச் சேர்த்து வருகிறார். வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார். சித்தப்பா அவரை உட்காரவைத்து, தாத்தா அமைச்சருக்கு மாலை போடும் படம், ஊராட்சியில் கொடுத்த பாராட்டுப் பத்திரம், சட்டம் போட்ட வாழ்த்து மடல் எல்லாவற்றையும் பரப்பினார். வாத்தியாரையாவின் கண் உத்திரத்திலேயே இருந்தது.

“அமைச்சர் படம் எல்லா வீட்டிலும் இருக்கு. எனக்கு அந்தக் கம்பியைக் குடுங்க” என்றார்.

அன்று சாயங்காலமே குடும்ப சபை கூடியது. கம்பியை இறக்கி, தூசி தட்டி, ஆளுக்கொரு கடிதமாக எடுத்தோம். நம் கடிதங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் பிள்ளையார் சுழி, பிறகு நலம், நலமறிய அவா. அடுத்து மழை. பிறகு பசு கன்று போட்ட செய்தி. ஆதிமூலமான விஷயம் இடம் தீர்ந்த பிறகுதான் வரும். தாளைக் குறுக்கே திருப்பி ஓரத்தில், எறும்பளவு எழுத்தில். ‘போன தடவை வாங்கிய நாற்பது ரூபாய் இன்னும் வரவில்லை.’ வரலாற்று ஆய்வாளர்கள் இன்லாண்டு லெட்டரை மடிப்பு ஓரத்திலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது.

அந்த நாற்பது ரூபாய்க் கார்டில்தான் சண்டை ஆரம்பித்தது. தேதி, ‘ஆனந்த வருஷம் ஆடி மாதம்’. அறுபது ஆண்டுச் சுற்றில் ஆனந்த வருஷம் 1914-லும் வரும், 1974-லும் வரும். 1914 என்றால் கடன்காரர் முப்பாட்டன்; பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். வாத்தியாரையா முகவரியைத் தடவிப் பார்த்தார். கடைசி வரியில் ஆறு எண்கள். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல்தான். ஆக, கடன்காரர் எங்கள் மாமா. அத்தை அப்போது அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“போகிக்குப் போட்டுருங்க” என்றாள் அத்தை.

ரோஜா முத்தையா கதையை வாத்தியாரையா எடுத்துவிட்டார். கோட்டையூரில் உட்கார்ந்து அவர் புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீசும் அழைப்பிதழும்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானதும் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிக் காப்பாற்றியது; இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் புதுச்சேரி அரசியலோடு ஊர் வம்பும் இருப்பதால்தானே இன்றும் சுவையாக இருக்கிறது என்றார். அத்தை அசையவில்லை. மாமா அவளுக்கு எழுதியவையும் அந்தக் கம்பியில்தான் இருந்தன.

“புருசன் பொண்டாட்டி கடுதாசியை ஊரு படிக்கவா?”

“புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதினது ‘கண்மணி கமலாவுக்கு’ன்னு புத்தகமாவே வந்திருக்கும்மா. உங்க திருநெல்வேலிக்காரர்தான்.”

“அவரு கதை எழுதினவரு. இவுக பலசரக்குக் கடை.”

“அதனாலதான் கேக்குறேன். வத்தல் விலை இவுக கடுதாசியிலதான் இருக்கு.”

மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. எழுபதுகளின் வத்தல் விலைக்குத் தாமே ஆதாரம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது ரூபாயை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

நடுவில் சித்தப்பா எல்லாவற்றையும் லேமினேஷன் செய்யலாம் என்றார். வாத்தியாரையாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பசை பழுத்துக் கறையாகும். குண்டூசியைக் கழற்ற வேண்டும், துரு தாளைத் தின்றுவிடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொட வேண்டும். மிக்சர் தட்டு அப்போதுதான் உள்ளே போனது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. கடிதத்தின் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். அதாவது மாமாவைத் திட்டிய கார்டு எங்களுடையது, திட்டு மட்டும் கடன் கொடுத்தவர் வீட்டாருடையது. நான்கு பேர் பார்ப்பதை நாம் விரும்பாத கடிதங்களுக்கும் வழி உண்டு: உறையில் போட்டு, இத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம்.

“இருபத்தஞ்சு வருஷம் போதுமா?” என்றார் வாத்தியாரையா.

அத்தை விரல்விட்டு எண்ணினாள். “என் நாத்தனாருக்கு எம்பத்தொண்ணு. அவ மருமகளும் இருக்கா. அம்பதுன்னு போடுங்க.”

ஐம்பது என்று எழுதி, ஒட்டி, கையெழுத்தும் போட்டாயிற்று. மறுநாள் காலையில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. கம்பியில் எத்தனையோ ஆண்டுகள் தலைக்கு மேலேயே தொங்கியபோது அந்தக் கடிதங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உறை ஒட்டப்பட்டது என்று கேட்டதுமே, “என்னத்தையோ எழுதி வச்சிருக்கா” என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஆவணத்தை மூடி வைப்பதைப் போன்ற விளம்பரம் வேறில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். போகிக்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள். எழுதியவர் யார், என்ன உறவு என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளில் பென்சிலால் குறித்து உள்ளே வையுங்கள். பிறகு பக்கத்தில் நூலகமோ கல்லூரியோ இப்படிச் சேர்க்கும் வாத்தியாரோ இருந்தால் ஒப்படையுங்கள். பாராட்டுப் பத்திரத்தைக் கொடுக்க அவசரமில்லை. கடன் கேட்டு வந்த கார்டை முதலில் கொடுங்கள்.